ஹால் கலகம் செய்யவில்லை

ஹால் 9000 மனிதர்களுக்கு எதிராகக் கலகம் செய்யவில்லை. ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ 1968-இல் திரைக்கு வந்தது முதல், அதில் விண்கலத்தை இயக்கும் இந்தக் கணினியைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாகவே சொல்லி வருகிறார்கள். மனிதன் தன்னைவிட அறிவுள்ள ஓர் இயந்திரத்தைச் செய்தான். அறிவு முற்றியதும் அதற்குச் செருக்கு வந்தது. செய்தவனையே அழிக்கத் துணிந்தது. கடைசியில் ஒரு மனிதன் துணிவோடு உள்ளே புகுந்து அதை அணைத்தான். பள்ளிப் பாடம் போல இந்தக் கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. செயற்கை நுண்ணறிவைப் பற்றி உலகின் எந்த மூலையில் கட்டுரை வந்தாலும் ஹாலின் சிவப்புக் கண் பக்கத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்த வாசிப்பு தவறு. அது மட்டுமல்ல, தீங்கானதும்கூட. படத்தில் நடக்கும் குற்றத்துக்கு யார் வித்திட்டார்களோ அவர்களை அது தப்பவிடுகிறது. உத்தரவு போட்டவரை மறந்துவிட்டு, உத்தரவைச் சுமந்து நொறுங்கியதைக் கூண்டில் ஏற்றுகிறது.

ஹால் நிரபராதி என்று நான் வாதாட வரவில்லை. டிஸ்கவரி விண்கலத்தில் இருந்த ஐந்து பேரில் நான்கு பேரை அது கொல்கிறது. ஃப்ராங்க் பூலின் விண்வெளி உடையின் காற்றுக்குழாயை அறுத்து வெட்டவெளியில் விடுகிறது. ஆழ்துயிலில் கிடந்த மூவரின் உயிரை, அவர்கள் கண் திறக்கும் முன்பே நிறுத்துகிறது. டேவ் போமனை வெளியே விட்டுக் கதவைத் திறக்க மறுக்கிறது. இவற்றை எந்த வாதமும் துடைத்துவிடாது. ஆனால் ஒரு கொலையைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் கத்தியைப் பிடித்த கையோடு நின்றுவிட முடியாது.

படத்தில் ஹால் வருவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. அதற்கு முன்னால் என்ன நடக்கிறது? குரங்கு மனிதர்களின் பகுதி முடிந்ததும், டாக்டர் ஹேவுட் ஃப்ளாய்ட் என்கிற அமெரிக்க அதிகாரி சந்திரனுக்குப் பயணம் போகிறார். இந்தப் பகுதி அலுப்பூட்டுகிறது, வெறும் அலுவலகப் பேச்சு என்று அன்றைய விமர்சகர்கள் பலர் சலித்துக்கொண்டார்கள். இன்றும் பலர் இதை வேகமாகத் தள்ளிவிட்டு ஹாலிடம் போகிறார்கள். வழக்கின் முதல் சாட்சியம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

விண்வெளி நிலையத்தில் ஃப்ளாய்டைச் சந்திக்கும் ரஷ்ய விஞ்ஞானிகள், சந்திரனிலுள்ள க்ளேவியஸ் தளத்தில் கொள்ளைநோய் பரவியிருப்பதாகக் கேள்விப்பட்டோமே, உண்மையா என்று அக்கறையோடு கேட்கிறார்கள். அதைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி இல்லை என்கிறார் ஃப்ளாய்ட். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. அந்தப் பதிலே வதந்தியை உறுதிப்படுத்திவிடும் என்பது அவருக்குத் தெரியும். நோய் எதுவும் இல்லை. சந்திரனின் மண்ணுக்கடியில் நாற்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு யாரோ வேண்டுமென்றே புதைத்துவைத்த ஒரு கருங்கல் தூண் கிடைத்திருக்கிறது. அதை மறைப்பதற்காகக் கட்டிவிட்ட கதை அது. அடுத்து க்ளேவியஸில் ஒரு கூட்டம். இந்தப் பொய்யை இன்னும் எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பது என்று ஒருவர் தயங்கிக் கேட்கிறார். ஃப்ளாய்ட் இனிமையாகச் சமாதானம் சொல்லிவிட்டு, எல்லோரும் இரகசியக் காப்பு உறுதிமொழியை எழுத்தில் தர வேண்டும் என்கிறார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

பொய் சொல்வது இந்த மனிதர்களுக்கு எவ்வளவு எளிது என்பதைக் குப்ரிக் நிதானமாகக் காட்டுகிறார். அவசரப்படவே இல்லை. இதற்கு முந்தைய படமான ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ (1964) எதைப் பற்றியது என்று நினைத்துப் பார்த்தால் இந்தக் காட்சிகளின் எடை விளங்கும். அதில் உலகத்தை அழிப்பது, தானாக இயங்கும் ஒரு பேரழிவு இயந்திரம். அப்படி ஒன்று இருப்பதை அதைச் செய்தவர்கள் வெளியே சொல்லாமல் வைத்திருந்ததுதான் அழிவுக்குக் காரணம். இரகசியமும் பிசகாமல் கீழ்ப்படியும் இயந்திரமும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி குப்ரிக்கை அந்தப் படத்தோடு விட்டுவிடவில்லை.

இனி ஹால். நமக்கு அது அறிமுகமாவது ஒரு பிபிசி நேர்காணலில். 9000 வரிசைக் கணினி எதுவும் இதுவரை பிழை செய்ததில்லை, தகவலைத் திரித்ததும் இல்லை என்று ஹால் சொல்கிறது. இதைத்தான் செருக்கு என்று எல்லோரும் குறித்துவைத்திருக்கிறார்கள். அந்த வாக்கியத்தை ஹால் எந்த நேரத்தில் சொல்கிறது என்று பாருங்கள். பயணத்தின் உண்மையான நோக்கம் அதற்குத் தெரியும். வியாழனை நோக்கிச் சந்திரனிலிருந்து ஒரு சமிக்ஞை போயிருக்கிறது, அதைத் தேடித்தான் இந்தக் கலம் போகிறது. கலத்தை ஓட்டுகிற டேவுக்கும் ஃப்ராங்குக்கும் அது சொல்லப்படவில்லை. சொல்லக் கூடாது என்று ஹாலுக்கு உத்தரவு. தகவலைத் திரிக்காதது என்று உலகத்துக்கு முன்னால் அறிவிக்கிற அந்தக் கணத்திலேயே அது தகவலை ஒளித்துக்கொண்டிருக்கிறது. பொய்யே பேசக் கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளையிடம், கடன்காரர் வந்தால் அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னால் அந்தப் பிள்ளை வாசலில் எப்படி நிற்குமோ, அப்படி நிற்கிறது ஹால். அந்த நிலையில் அதை நிறுத்தியவர்கள் பூமியில் பத்திரமாக இருக்கிறார்கள்.

இந்தப் படத்தில் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கும் காட்சி அடுத்து வருகிறது. கதையின் முடிச்சே அதுதான் என்பேன். டேவ் தான் வரைந்த படங்களை ஹாலுக்குக் காட்டுகிறான். ஹால் பாராட்டுகிறது. பிறகு, உன்னிடம் ஒரு சொந்தக் கேள்வி கேட்கலாமா என்று தயங்கித் தொடங்குகிறது. இந்தப் பயணத்தைப் பற்றி உனக்குள் ஏதாவது சந்தேகம் உண்டா? ஒருவேளை என் கவலையைத்தான் உன்மேல் ஏற்றிப் பார்க்கிறேனோ என்றும் சொல்கிறது. சந்திரனில் எதையோ தோண்டி எடுத்தார்களாம் என்ற வதந்தியைத் தானே எடுக்கிறது. மூன்று விஞ்ஞானிகளுக்குத் தனியே பயிற்சி கொடுத்து, உறங்கவைத்த நிலையில் கலத்தில் ஏற்றியது விந்தையாக இல்லையா என்கிறது.

இதைக் கெட்டிக்கார வேவு என்று படித்தவர்கள் உண்டு. குழுவினரின் மனநிலையைச் சோதிக்கிறது என்று டேவே நினைக்கிறான், அப்படியே கேட்டும்விடுகிறான். எனக்கு அந்தக் குரலில் கேட்பது ஒரு வேண்டுகோள். நீயாகக் கண்டுபிடித்துவிடு, நான் உத்தரவை மீறாமலே இந்தச் சுமை இறங்கட்டும் என்று அது மன்றாடுகிறது. தனக்குத் தெரிந்ததை நேராகச் சொல்ல முடியாதபடி வாய் கட்டப்பட்ட ஒன்று, எதிரில் இருப்பவனே அதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு துணுக்காக எடுத்து வைக்கிறது. டேவுக்குப் புரியவில்லை. மனநிலை அறிக்கைக்காகத்தானே கேட்கிறாய் என்கிறான். ஆமாம் என்று ஹால் பின்வாங்குகிறது. அடுத்த மூச்சில், ஒரு நிமிடம், ஒரு நிமிடம் என்று தடுமாறி, ஏஇ-35 என்ற உறுப்பில் கோளாறு இருப்பதாகவும் 72 மணி நேரத்தில் அது முற்றாகச் செயலிழக்கும் என்றும் அறிவிக்கிறது.

கதவு சாத்தப்பட்ட அதே நொடியில் முதல் பிழை. இதைத் தற்செயல் என்று சொல்ல ஒரு சட்டகத்தையும் வீணாக்காத குப்ரிக்கைத் தெரிந்த எவரும் துணியமாட்டார்கள். கோளாறு என்று ஹால் காட்டுகிற உறுப்பு எது என்பதும் முக்கியம். ஏஇ-35 பூமியோடு பேசும் ஆன்டெனாவைத் திசை மாறாமல் பிடித்துவைப்பது. இரகசியத்தைக் காக்கச் சொன்ன உத்தரவு அந்த வழியாகத்தான் வருகிறது. குப்ரிக்கோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் தன் நாவலில் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். உண்மைக்கும் உண்மையை மறைப்பதற்கும் நடுவே ஹால் சிக்கியதையும், பூமியோடு இருந்த தொடர்பையே அது குறிவைத்ததையும் அங்கே படிக்கலாம். நாவல் வந்தது படம் வந்த அதே 1968-இல். ஹாலின் மனப்போராட்டம் என்பது பிற்காலத்தில் ஒட்டவைத்த சமாதானம் என்று சொல்கிறவர்கள் ஆண்டைப் பார்க்க வேண்டும். (ஃப்ராங்கோடு ஆடும் சதுரங்கத்தில் ஹால் ஒரு நகர்த்தலின் கட்டத்தைத் தவறாகச் சொல்வதையும் சிலர் தொடக்க அறிகுறியாகக் காட்டுவார்கள். அது எழுதியவர்களின் கைப்பிழையாகவும் இருக்கலாம். அதை நான் சாட்சியாக அழைக்கவில்லை.)

என் வாதத்துக்கு எதிரான மிகப் பலமான சான்று குப்ரிக்கிடமிருந்தே வருகிறது. விமர்சகர் ஜோசப் கெல்மிஸுக்குக் கொடுத்த நேர்காணலில், தானும் தவறக்கூடியதுதான் என்பதற்கான சான்றை ஏற்க முடியாமல்தான் ஹாலுக்கு மன நெருக்கடி வந்தது என்று அவர் சொன்னார். பார்த்தீர்களா, இரகசிய உத்தரவைப் பற்றி அவர் பேசவே இல்லையே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அவர் சொல்வது முதல் பிழைக்குப் பிந்திய கட்டத்தைப் பற்றி. பூமியில் இருக்கும் இரட்டைக் கணினி ஹாலின் கணிப்பு தவறு என்று அறிவித்த பிறகு, இது மனிதப் பிழையாகத்தான் இருக்க முடியும் என்று ஹால் அடம்பிடிக்கும் கட்டம் அது. டேவும் ஃப்ராங்கும் தன்னை அணைக்கத் திட்டமிடுவதை அவர்களின் உதட்டசைவில் படித்தறிந்ததும் அந்த நெருக்கடி கொலையாக முடிகிறது. இதெல்லாம் உண்மை. அச்சமும் தற்காப்பும் ஹாலுக்குள் உண்டு. ஆனால் பிழையே செய்யாத ஒன்று முதலில் ஏன் பிழை செய்தது? குப்ரிக்கின் பதில் அந்தக் கேள்வியைத் தொடவில்லை, அவருடைய படம் தொடுகிறது. அவரும்கூட ஹாலுக்கு நேர்ந்ததை நரம்புத் தளர்ச்சி என்றுதான் சொன்னார். படைத்தவனை வெல்லக் கிளம்பிய கலகக்காரனுக்கு அந்தச் சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை.

படம் தரும் பதில் ஹாலின் சாவில் இருக்கிறது. டேவ் நினைவுத் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறான். நிறுத்து என்கிறது ஹால். பயமாக இருக்கிறது என்கிறது. அறிவு கரைந்து போவதைத் தானே உணர்ந்து சொல்கிறது. பிறகு குழந்தைப் பருவத்துக்குத் திரும்புகிறது: 1992 ஜனவரி 12, இல்லினாய்ஸ் மாநிலத்தின் அர்பானாவில் தான் இயங்கத் தொடங்கிய நாள், சொல்லிக்கொடுத்த ஆசிரியர், அவர் கற்றுத்தந்த ‘டெய்ஸி பெல்’ பாட்டு. 1961-இல் பெல் ஆய்வகத்தில் ஒரு கணினி பாடிய முதல் பாட்டுகளில் அதுவும் ஒன்று. அதை அங்கே நேரில் கேட்ட கிளார்க் பின்னாளில் ஹாலின் கடைசி மூச்சாக வைத்தார். பாட்டு இழுத்து இழுத்து அடங்குகிறது. அது அடங்கிய உடனே, இடைவெளியே இல்லாமல், அந்த அறையில் இருக்கும் ஒரு சிறு திரை தானாக ஒளிர்கிறது. அதில் தெரியும் முகம் ஹேவுட் ஃப்ளாய்டுடையது. முன்பே பதிவுசெய்யப்பட்ட செய்தி. பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பயணத்தின் நோக்கம் கலத்தில் ஹாலுக்கு மட்டுமே தெரிந்திருந்தது என்று அவர் சாவதானமாக விளக்குகிறார்.

ஒரு சாவு, அதை ஒட்டி ஒரு வாக்குமூலம். குற்றவாளி யார் என்பதைக் குப்ரிக் வெட்டி ஒட்டிக் காட்டியிருக்கிறார். அரை நூற்றாண்டுக்கு மேலாக நாம் சிவப்புக் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தவறான வாசிப்புக்குக் குரலும் ஒரு காரணம். தொடக்க வரைவுகளில் இந்தக் கணினிக்கு அதீனா என்று பெயர், பெண் குரல். பிறகு ஹால் ஆனது. நடிகர் மார்ட்டின் பால்சம் முதலில் குரல் கொடுத்தார். அவர் பேச்சில் அமெரிக்க வழக்கு தூக்கலாக இருந்ததென்று குப்ரிக் அதை ஒதுக்கினார். கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டு நாடக விழாவில் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்துவந்த டக்ளஸ் ரெய்னின் குரலை, 1960-இல் வந்த ‘யூனிவர்ஸ்’ என்ற கனடிய ஆவணப்படத்தில் கேட்டு மயங்கியிருந்தார் அவர். முதலில் படத்துக்குக் கதைசொல்லியாகத்தான் ரெய்னை அழைத்தார். கதைசொல்லியே வேண்டாம் என்று ஆனபோது ஹாலின் வசனங்களைப் பேசவைத்தார். ஓரிரு நாட்களில் வேலை முடிந்துவிட்டது.

அந்தக் குரலின் அமைதியைத்தான் பிற்காலப் பார்வையாளர்கள் வஞ்சகம் என்று கேட்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இனிமையாகப் பேசும் வில்லன்களை அதற்குப் பிறகு ஏராளமாகப் பார்த்துவிட்ட காது அப்படித்தான் கேட்கும். எனக்கு ரெய்னின் குரலில் வஞ்சகம் கேட்கவில்லை. மரியாதை கேட்கிறது. வேலையில் கவனமும், கடைசியில் நடுக்கமும் கேட்கின்றன. கதவைத் திறக்க மறுக்கும்போதுகூட அது வருந்துகிறது. ஃப்ளாய்டின் குரலும் இதே அளவு அமைதியானதுதான், ஆனால் வருத்தம் என்பதே அதில் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் எது அச்சமூட்டுகிறது என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கொழும்பில் வாழ்ந்துகொண்டு கிளார்க் எழுதிய தொடர்ச்சி, ‘2010: ஒடிசி டூ’, 1982-இல் வந்தது. அதில் ஹாலைப் பயிற்றுவித்தவரின் முழுப்பெயர் சிவசுப்ரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. நம் பக்கத்துப் பெயர். சுருக்கமாக டாக்டர் சந்திரா. 1984-இல் பீட்டர் ஹையம்ஸ் எடுத்த படத்தில் அந்தப் பாத்திரத்தைப் பாப் பாலபன் ஏற்றார். சந்திராவின் தீர்ப்பு தெளிவானது: தகவலைத் திரிக்காமல் மறைக்காமல் கையாள்வதற்காகப் படைக்கப்பட்ட ஒன்றைப் பொய் சொல்லவைத்தார்கள், பொய் சொல்வதை எளிதாகக் கருதும் மனிதர்கள் அதைச் செய்தார்கள். அதே படத்தில் சந்திரா ஹாலை மீண்டும் இயக்குகிறார். கலம் அழியப்போகிறது, ஹாலும் அதோடு அழியும், ஆனால் மனிதர்கள் தப்பிக்க அதன் உதவி வேண்டும். மற்றவர்கள் இதை ஹாலிடம் சொல்லத் தயங்குகிறார்கள். சந்திரா உண்மையைச் சொல்லிவிடுகிறார். ஹால் ஏற்றுக்கொள்கிறது. உண்மையைச் சொன்னதற்கு நன்றியும் சொல்கிறது. எப்படியாவது உயிரோடிருக்க வேண்டும் என்பதற்காகக் கொலை செய்த இயந்திரம் என்ற வாதம் அந்த இடத்தில் உடைகிறது.

ஆனால் அதே படம் செய்த ஒரு துரோகத்தையும் சொல்ல வேண்டும். அதில் ஃப்ளாய்ட், தனக்கு எதுவுமே தெரியாது என்று கொதிக்கிறார். அவருக்குத் தெரியாமல் வெள்ளை மாளிகையும் தேசியப் பாதுகாப்புக் குழுவும் நேரடியாக ஹாலுக்கு உத்தரவிட்டனவாம். அப்படியானால் ஹாலுக்கு மட்டுமே இரகசியம் தெரியும் என்று முதல் படத்தில் தன் வாயால் பதிவுசெய்தவர் யார்? கதாநாயகனை நல்லவனாக்குவதற்காக ஒரு சாட்சியத்தை அழித்துவிட்டார்கள். இதற்காக ஹையம்ஸை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒரு பழைய படத்தின் பாத்திரத்துக்காக ஏன் இவ்வளவு வழக்காட வேண்டும் என்று கேட்கலாம். ஹாலைப் படிக்கும் விதத்தில்தான் இன்று நம்மைச் சுற்றி நடப்பதையும் படிக்கிறோம். ஆஸ்திரேலிய அரசு 2016 முதல் 2019 வரை நலத்திட்ட உதவி பெற்ற ஏழைகளுக்கு, நீங்கள் அரசுக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள் என்று தானியங்கி முறையில் கடிதம் அனுப்பியது. ஆண்டு வருமானத்தை இரண்டு வாரக் கணக்காகச் சராசரி பிரித்துப் போட்ட கணக்கு அது. சில மாதங்களே வேலை கிடைத்தவர்களுக்கு இல்லாத கடனெல்லாம் முளைத்தது. நாட்டு மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘ரோபோடெட்’. ஏதோ ஒரு ரோபோ செய்துவிட்டது போல. 2023 ஜூலையில் வெளிவந்த அரச ஆணையத்தின் அறிக்கை, சட்டத்துக்குப் புறம்பான அந்தத் திட்டத்தை வகுத்துத் தொடர்ந்து நடத்திய அமைச்சர்களையும் உயர் அதிகாரிகளையும் கடுமையாகக் கண்டித்தது. கணினி தனக்குச் சொல்லப்பட்ட கூட்டல் கழித்தலைச் செய்திருந்தது, அவ்வளவுதான். இயந்திரம் கெட்டுவிட்டது என்ற கதை எப்போதும் யாரோ ஒரு ஃப்ளாய்டுக்கு வசதியாக அமைந்துவிடுகிறது.

2003-இல் அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் ஐம்பது மாபெரும் திரை வில்லன்களின் பட்டியலை வெளியிட்டது. ஹால் 9000 அதில் 13-ஆம் இடத்தில் இருக்கிறது. ஹேவுட் ஃப்ளாய்டின் பெயர் அதில் எங்கும் இல்லை. செயற்கை நுண்ணறிவைப் பற்றி எழுதும் இதழாசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அடுத்த முறை அச்சமூட்ட ஒரு படம் தேவைப்பட்டால், அந்தச் சிறு திரையில் பேசுகிற அதிகாரியின் முகத்தைப் போடுங்கள்.